நடுவில் ஒருவரும் இல்லாத தபால்

தோட்டத்தில் வசிக்கும் ஒருவரிடம் விலாசம் கேட்டால், தன் பெயர், டிவிசன், தோட்டத்தின் பெயர், உடப்புசல்லாவை என்று நான்கு சொற்களில் சொல்லி முடித்துவிடுவார். வீட்டு இலக்கம் இருக்காது. வீதியின் பெயரும் இருக்காது. மலையகத்தின் பெரும்பாலான தோட்டங்களில் நீண்ட காலமாகக் கடிதம் வீட்டுக்கு வந்ததில்லை, தோட்டக் காரியாலயத்துக்கே வந்தது. தபாலகத்திலிருந்து ஒருவர் பையைச் சுமந்து வருவார். காரியாலயத்தில் பை திறக்கப்பட்டு, கடிதங்கள் பிரிக்கப்பட்டு, கணக்கப்பிள்ளையிடமோ அந்த லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமோ கொடுத்தனுப்பப்படும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பிரித்துப் படித்துவிட்டு மறுபடியும் ஒட்டிக் கொடுத்த கதைகளும் உண்டு.

இந்தப் பையை வைத்தே எமது உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வரும் ஒரு பெரிய விடயத்தை விளங்கிக்கொள்ளலாம். வலையமைப்புகள் இரண்டு வகை என்று படிக்கிறோம். ஒன்று, எல்லோரும் ஒரு சேவையகத்தில் போய்க் கேட்டு வாங்குவது. மற்றது, இடையில் சேவையகம் இல்லாமல் ஆளுக்காள் நேரே கொடுத்து வாங்குவது. பரீட்சைக்கு இந்த இரண்டு வரி போதும். ஆனால் காரியாலயத்தையும் தபால் பையையும் நினைத்துப் பார்த்தால்தான் இந்த வித்தியாசத்தின் கனம் தெரிகிறது.

நடுவில் ஒரு காரியாலயம் இருந்தால் மூன்று காரியங்கள் அதன் கைக்குள் வருகின்றன. அது கடிதத்தைப் பிரிக்கலாம். பிரிக்காவிட்டாலும் யாருக்கு யார் எழுதுகிறார்கள், எத்தனை தடவை எழுதுகிறார்கள் என்பது அதற்குத் தெரியும். மூன்றாவது, அது பூட்டப்பட்ட நாளில் தோட்டம் முழுவதற்கும் தபால் இல்லை.

இன்று எங்கள் கையில் தொலைபேசி இருக்கிறது. காரியாலயமோ வேறொரு நாட்டில் இருக்கும் சேவையகமாக மாறியிருக்கிறது. மேல் லயத்தில் இருக்கும் சாச்சியின் மகளுக்கு வாட்ஸ்அப்பில் “சாப்பிட்டீங்களா” என்று கேட்டால், அந்தச் சொல் மலையை விட்டு இறங்கி, கடலைக் கடந்து, திரும்பி வந்து இருநூறு யார் தள்ளியிருக்கும் வீட்டில் ஒலிக்கிறது. இந்தச் சுற்றை நாம் வேடிக்கையாகக்கூட நினைப்பதில்லை.

இங்கே பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விடயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கடிதத்தைப் பூட்டுவது வேறு, கடிதத்தை யார் சுமப்பது என்பது வேறு. முதலாவதை முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்கிறோம்: அனுப்புபவரின் கருவியில் பூட்டி, பெறுபவரின் கருவியில் மட்டும் திறப்பது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் இதைக் கொண்டுவந்தது. ஆகவே நடுவில் இருப்பவர் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் பை இன்னமும் ஒரே காரியாலயத்தின் வழியாகத்தான் போகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் எமது நாட்டிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தெற்குக் கரையோரத்தில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணதிலக்க முதலான அமெச்சூர் வானொலிக்காரர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை வானொலியில் செய்தி கடத்தினார்கள். ஒரு கருவி, ஒரு கம்பி, ஒரு மின்கலம். நடுவில் எந்தக் கோபுரமும் இல்லை. ஆனால் அந்த வானொலியில் பேசுவதை யாரும் கேட்கலாம். மறைத்துப் பேச அமெச்சூர் வானொலி விதிகள் இடம் தருவதில்லை. அங்கே சுமப்பவர் இல்லை, பூட்டும் இல்லை. வாட்ஸ்அப்பில் பூட்டு இருக்கிறது, சுமப்பவர் ஒருவரே. இரண்டையும் சேர்த்து, பூட்டும் இருந்து நடு ஆளும் இல்லாத ஒன்றைச் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நப்ஸ்டர் சாட்சி. 1999 இல் வந்த அந்தச் சேவையில் பாட்டுகள் பாவனையாளர்களின் கணினிகளில் இருந்தன. ஒருவரிடமிருந்து ஒருவர் நேரே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் கம்பனியின் சேவையகத்தில் இருந்தது. நீதிமன்றம் தலையிட்டு 2001 இல் அந்தப் பட்டியல் நின்றதும் முழு வலையும் நின்றது. பட்டியலையும் பங்கு போட்டு வைத்திருந்தவைதான் நிலைத்தன. 2002 இல் வெளிவந்த கடெம்லியா என்ற முறையில் ஒவ்வொரு கணினியும் பட்டியலின் சிறு துண்டை மட்டும் வைத்திருக்கும். ஒருவரைத் தேடும்போது ஒவ்வொரு படியிலும் தூரம் பாதியாகக் குறைவதால், பத்து இலட்சம் கணினிகளுக்குள்ளும் ஏறத்தாழ 20 படிகளில் ஆளைப் பிடித்துவிடலாம். (2 ஐ இருபது தடவை பெருக்கிப் பாருங்கள், 1,048,576 வரும்.) எங்கள் மலைக்கு இவ்வளவு தேவையில்லை, ஆனாலும் அழகான கணக்கு என்பதால் சொல்லி வைத்தேன்.

நடு ஆள் நின்றுபோன நாட்கள் எங்கள் தலைமுறைக்குப் புதியவை அல்ல. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது முகநூலும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் மீண்டும் தடுக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி ஊரடங்கின்போது சில மணி நேரம் அதே நிலை. இவை மனிதர் எடுத்த முடிவுகள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலோ யாரையும் கேட்கவில்லை. மலையகத்தில் மண்சரிவுகள் பாதைகளை மூடின. எங்கள் பக்கத்தில் மின்சாரம் போனது. சிறிது நேரத்தில் தொலைபேசியில் இருந்த கோடுகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. பக்கத்துத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதை, நடந்து வந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். வாப்பாவின் கடை வாசலில் நின்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டு, அதை ராகலைப் பக்கம் போகிறவர் கொண்டுபோனார். கவனித்துப் பார்த்தால் அதுவும் ஓர் ஆளுக்காள் வலையமைப்புத்தான். பூட்டு மட்டும் இல்லை. அதனால் சொல் போகிற வழியில் மாறியும் போனது: “இரண்டு வீடு” என்பது எங்கள் கடைக்கு வரும்போது “இரண்டு லயம்” ஆகியிருந்தது.

முதலில் பூட்டைப் பார்ப்போம்.

எங்கள் உம்மும்மாவிடம் அரபுத்தமிழில் எழுதிய பழைய கடிதங்கள் இருக்கின்றன. தமிழ்ச் சொற்கள், அரபு எழுத்துகள். அரபு எழுத்துத் தெரியாதவருக்கு அது பூட்டிய கடிதம்தான். ஆனால் அந்த எழுத்தைப் படித்த எவரும் திறக்கலாம். எழுத்தை மாற்றுவது மட்டும் மறைகுறியாக்கம் ஆகாது. ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து என்று இரகசியமாக மாற்றி வைத்தாலும் போதாது என்பதை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி காட்டிவிட்டார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அதிகம் வரும், சில குறைவாக வரும். மறைத்து எழுதிய தாளில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணினால் முகமூடி கழன்றுவிடும். உலகம் சொல்லும் ‘சைபர்’ என்ற சொல்லே ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து போனது.

ஆகவே எழுத்து மாற்றுவதை விட்டு, ஒரு திறப்பை வைத்துக் கணித முறையில் பூட்ட வேண்டும். அங்கேதான் பழைய சிக்கல்: திறப்பை எப்படி அனுப்புவது? கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கும் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கும் ஒரே திறப்பு வேண்டும். தபால் பையில் திறப்பை வைத்து அனுப்பினால் பையைத் திறப்பவரும் பிரதி எடுத்துக்கொள்வார். 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் இதற்கு வெளியிட்ட வழி, முதலில் கேட்கும்போது நம்ப முடியாதது. நடுவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, இருவரும் ஒரே இரகசிய எண்ணுக்கு வந்து சேரலாம்.

சிறிய எண்களால் செய்து பார்ப்போம். 17, 3 என்ற இரண்டு எண்களையும் ஊருக்கே சொல்லிவிடுகிறோம். அம்மா மனதுக்குள் 6 என்ற எண்ணை எடுக்கிறார். ஆறு 3 களைப் பெருக்கினால் 729. அதை 17 ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15 ஐ மட்டும் மகளுக்கு அனுப்புகிறார். மகள் மனதுக்குள் 7 ஐ எடுக்கிறாள். ஏழு 3 களைப் பெருக்கினால் 2187. 17 ஆல் வகுத்தால் மீதி 11. இந்த 11 ஐ அம்மாவுக்கு அனுப்புகிறாள். இப்போது அம்மா தனக்கு வந்த 11 ஐத் தன் இரகசிய எண்ணின்படி ஆறு தடவை பெருக்குகிறார்: 1771561. 17 ஆல் வகுத்தால் மீதி 8. மகள் தனக்கு வந்த 15 ஐ ஏழு தடவை பெருக்குகிறாள்: 170859375. 17 ஆல் வகுத்தால் மீதி அதே 8! இந்த 8 தான் இருவரின் திறப்பு. பையைத் திறந்து பார்த்தவருக்கு 17, 3, 15, 11 ஆகிய நான்கும் தெரியும், 8 தெரியாது. இங்கே எண்கள் சிறியவை என்பதால் அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். உண்மையான பாவனையில் இந்த எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியமல்ல. கணக்குப் பாடத்தில் மீதியை ஏன் படிக்கிறோம் என்று கேட்கும் தங்கச்சிமாருக்கு இதைக் காட்டலாம்.

ஆனால் இந்தப் பூட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. நடுவில் இருப்பவர் வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல் நடிக்கத் தொடங்கினால்? அம்மாவிடம் மகளாகவும் மகளிடம் அம்மாவாகவும் நடித்து, இருவரோடும் தனித்தனித் திறப்புச் செய்துகொண்டு, வந்த கடிதத்தைத் திறந்து படித்து, மறுபடி பூட்டி அனுப்பலாம். கணிதத்தால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. “இந்த எண் உண்மையிலேயே என் மகளுடையதா” என்று வேறொரு வழியில் உறுதி செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு தொடர்புக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கிறது. அதை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. பிரையர் என்ற செயலி, நேரில் சந்திக்கும் இருவர் ஒருவரின் கட்டக் குறியீட்டை மற்றவரின் கமராவில் காட்டிச் சேர்ந்துகொள்ளும் வழியை வைத்திருக்கிறது. எங்கள் இடத்துக்கு இதுவே பொருத்தம் என்பேன். சம்பள நாளில் டவுனில், தேர்த் திருவிழாவில், பெருநாளில் எல்லோரும் ஒருவரை ஒருவர் காணத்தான் செய்கிறார்கள். தீபாவளிக்கு ஊர் வரும் மகள் அம்மாவின் தொலைபேசியோடு தன்னுடையதை ஒரு தடவை காட்டிக்கொண்டால் போதும்; பிறகு எந்தத் தூரத்திலிருந்தும் அந்தத் திறப்பு செல்லும்.

நல்ல முறைகளில் இன்னொரு படியும் உண்டு. 2013 இல் உருவாகத் தொடங்கிய சிக்னல் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் புதிய திறப்பு. பழைய திறப்பு அழிக்கப்படும். இன்று ஒருவர் ஒரு திறப்பைத் திருடினாலும், நேற்று வழியில் பிடித்து வைத்த பூட்டிய கடிதங்களை அதைக் கொண்டு திறக்க முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ‘முனைக்கு முனை’ என்னும்போது முனை என்பது ஆள் அல்ல, தொலைபேசி. லயத்தில் பல வீடுகளில் தொலைபேசி ஒன்றுதான். எங்கள் டவுன் வீடுகளிலும் அதுதான் நிலை. பெண்பிள்ளையின் கைக்கு அது பாடம் படிக்கும் நேரத்தில் மட்டும் வரும். கடலுக்கு அப்பால் உள்ள கம்பனிக்கு மூடியிருக்கும் கடிதம், வீட்டில் திரைப்பூட்டின் இலக்கம் தெரிந்த எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. வைத்தியரிடம் கேட்க வேண்டிய ஒன்றை ஒரு பிள்ளை எழுத விரும்பினால் உலகத்தின் மிகச் சிறந்த மறைகுறியாக்கமும் அவளுக்கு உதவாது. பிரையர் போன்ற செயலிகள் திறக்கும்போது தனிக் கடவுச்சொல் கேட்கின்றன. பொதுவான தொலைபேசிக்கு அது நல்லது. ஆனால் அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர யாரும் இல்லை, ஏனெனில் நடுவில் யாருமே இல்லை. தொலைபேசி ஓடையில் விழுந்தாலும் அதே கதை. நடு ஆள் இல்லாத சுதந்திரத்துக்கு இது விலை. வடிவமைப்பவர் இதை முதல் நாளே பாவிப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இனிச் சுமப்பது யார் என்று பார்ப்போம். இந்த இடத்தில்தான் தேயிலை மலை தன் குணத்தைக் காட்டுகிறது.

2014 இல் ஹொங்கொங் போராட்டத்தில் ஃபயர்சாட் என்ற செயலி பேசப்பட்டது. புளூடூத் மூலம் ஒரு தொலைபேசி பக்கத்துத் தொலைபேசிக்குக் கொடுக்க, அது அடுத்ததற்குக் கொடுக்க, செய்தி கூட்டத்துக்குள்ளேயே ஓடும். ஆனால் அது பூட்டில்லாத பொதுப்பேச்சு. 2019 இல் அதே நகரில் பிரிட்ஜ்ஃபை பாவிக்கப்பட்டது; அதன் பூட்டு பலவீனமானது என்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் ரோயல் ஹொலவே ஆய்வாளர்கள் 2020 இல் காட்டினார்கள். 2025 ஜூலையில் ஜாக் டோர்சி வெளியிட்ட பிட்சாட்டும் இந்த வகைதான். அதிலும் ஒருவர் இன்னொருவராக நடிக்கக்கூடிய குறை சில நாட்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. புதுச் செயலி வந்ததும் ஓடிப்போய் இரகசியத்தை அதில் கொட்டக் கூடாது என்பதற்கு இவை போதும்.

ஹொங்கொங் வீதியில் ஆளோடு ஆள் உரசி நிற்கிறார்கள். புளூடூத் சில பத்து மீற்றர்தான் எட்டும் என்றாலும் அங்கே சங்கிலி அறுவதில்லை. எங்கள் லயத்துக்குள்ளும் அறாது. பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆனால் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு கிலோமீற்றர் தேயிலைச் செடி. தேயிலைச் செடியிடம் தொலைபேசி இல்லை! ஆகவே நகரத்துக்குச் செய்த வடிவம் அப்படியே மலைக்குப் பொருந்தாது. இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, செய்தியைக் காத்திருக்க வைப்பது. ஒரு தொலைபேசி செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தொலைபேசியைக் காணும்வரை சுமந்து திரியும். இந்தியாவில் 2000 களின் தொடக்கத்தில் டாக்நெட் என்ற திட்டம் இதைப் பஸ்ஸில் செய்தது. கர்நாடகத்தின் தொட்டபள்ளாப்பூர்ப் பகுதியில் கிராமத்தைக் கடக்கும் பஸ்ஸில் வைஃபை கருவி இருக்கும். கிராமத்துக் கணினியிலிருந்து கோரிக்கைகளை வாங்கிக்கொண்டு, தாலுகா நகரத்தில் இறக்கிவிட்டு, பதிலோடு திரும்பும். ‘டாக்’ என்றால் ஹிந்தியில் தபால். உடப்புசல்லாவையிலிருந்து ராகலை வழியாக நுவரெலியாவுக்கு ஓடும் பஸ்களை நினைத்துப் பாருங்கள். காலையில் கொழுந்து பறிக்கப் போகும் அக்காமார் மலை மாறுகிறார்கள். பிள்ளைகள் இரண்டு மைல் நடந்து பள்ளிக்கூடம் வருகிறார்கள். ஒவ்வொருவர் பையிலும் மற்றவர்களின் பூட்டிய கடிதங்கள் இருக்கும். சுமப்பவருக்கு அது அமானிதம். விரும்பினாலும் திறக்க முடியாத அமானிதம். இங்கே பூட்டு ஓர் ஆடம்பரம் அல்ல. தெரியாதவரின் பையில் என் கடிதத்தைப் போட நான் துணிய வேண்டுமானால் பூட்டு கட்டாயம்.

கடிதத்தின் மேல் யாருக்கு என்று எழுதியிருக்குமே என்று கேட்கலாம். ஓர் உறைக்குள் இன்னோர் உறை, அதற்குள் இன்னொன்று என வைத்து, ஒவ்வொரு சுமப்பவரும் அடுத்த ஆளை மட்டும் அறியும்படி செய்யும் முறை இணையத்தில் இருக்கிறது. டோர் என்ற வலை அப்படி இயங்குகிறது. ஆனால் நாற்பது தொலைபேசிகள் உள்ள ஒரு தோட்டத்தில் அது பெரிதாக உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பது பேரில் யார் யாருக்கு எழுதுவார் என்று ஊகிக்க உறையே தேவையில்லை.

இரண்டாவது வழி, நீளமாக எட்டும் வானொலி. லோரா என்ற முறை மிகக் குறைந்த மின்சாரத்தில், எதிரே மறைப்பு இல்லாவிட்டால் பல கிலோமீற்றர் எட்டுகிறது. 2020 இல் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மென்பொருள் இதைக் கொண்டு சிறு கருவிகளை ஒரு வலையாக இணைக்கிறது; ஒரு செய்தி வழமையாக மூன்று தாவலும், கூடியது ஏழு தாவலும் போகும். அதன் தொடக்கப் பொது அலைவரிசையின் திறப்பு உலகத்துக்கே தெரிந்தது. வாங்கியவுடன் அதை மாற்றாமல் பாவித்தால் பூட்டும் திறப்பும் வாசலிலேயே தொங்குகின்றன என்று அர்த்தம். வீட்டுக்கு வீடு அலைக்கம்பி வைத்து வலை அமைப்பது நாட்டுக்குப் புதிதல்ல; 2006 இல் அநுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சிய கிராமத்தில் வைஃபை கொண்டு அப்படிச் செய்தார்கள். அது சமதரை. இங்கே மலை ஒரு பக்கம் மறைப்பு, மறுபக்கம் இலவசக் கோபுரம்.

லோராவின் குறை அதன் மெதுவான நடை. மெஷ்டாஸ்டிக்கின் வழமையான அமைப்பில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1000 பிட். 200 தொலைபேசிகள் நாளுக்கு 20 செய்தி வீதம் அனுப்பினால் 4000 செய்திகள். ஒன்று 200 பைட் என்று வைத்தால் மொத்தம் 8 இலட்சம் பைட், அதாவது 64 இலட்சம் பிட். ஒரு தடவை சொல்லி முடிக்க 6400 செக்கன். ஐந்து கருவிகள் ஒவ்வொன்றும் அதைத் திருப்பிச் சொன்னால் 32000 செக்கன், ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வதை இதில் சேர்க்கவே இல்லை. படம், குரல்பதிவு எதையும் நினைக்க வேண்டாம். வெறும் எழுத்து, அதுவும் சுருக்கமாக.

இங்கே தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட். ‘கொழுந்து’ என்ற சொல்லைப் பாருங்கள்: க, கொம்பும் காலும் சேர்ந்த குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. எட்டு இடங்கள், ஆகவே 24 பைட். “ரோட்டில் மண் சரிவு, பஸ் வராது” என்ற செய்தியில் தமிழ் இடங்கள் 24, இடைவெளிகளும் காற்புள்ளியும் சேர்ந்து 5. மொத்தம் 77 பைட். ஒரு பொதியில் 200 பைட் என்றால் பூட்டுக்கே இருபது முப்பது பைட் போய்விடும். மீதி 170 இல் தமிழுக்கு 56 இடங்கள்தான். ஆபத்து நேரத்தில் அம்மாவுக்குப் புரியாத ஆங்கில எழுத்தில் தமிழை எழுதச் சொல்வது தீர்வல்ல. லயத்தில் தொலைபேசியைப் படிக்கும் பாட்டிமார் பலர் தமிழ் எழுத்தை மட்டுமே எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள்.

தீர்வு கையருகே இருக்கிறது. யூனிகோட் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடங்கள். அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள் யாவும் சேர்ந்து இன்னொரு 128. இரண்டும் 256, ஒரு பைட்டில் அடங்கும் எண்களும் சரியாக 256. ஆகவே எங்கள் வலைக்குள் மட்டும் ஒரு சிறு அட்டவணை வைத்துக்கொண்டால், தமிழ் இடம் ஒன்றுக்கும் ஒரே பைட்தான். மேலே சொன்ன செய்தி 77 இலிருந்து 29 ஆகிவிடும். இதைப் பூட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பூட்டிய பிறகு அது வெறும் குழம்பிய எண்கள், சுருக்க இடம் கொடுக்காது. பெரிய கம்பனி எதுவும் இதற்காக மினக்கெடப் போவதில்லை. உயர்தர மாணவிகள் இருவர் பைதன் மொழியில் ஒரு பின்னேரத்தில் எழுதிவிடலாம்.

யாராலும் நிறுத்த முடியாத வலை என்றால் வதந்தியையும் யாராலும் நிறுத்த முடியாதே என்ற கேள்வி நியாயமானது. திகனவை அடுத்த மாவட்டத்தில் இருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. அந்த நாட்களில் வெறுப்புச் செய்திகள் எவ்வளவு வேகமாகப் பரவின என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தடை வந்தபோது, வதந்தி கேட்டுப் பயந்திருந்தவர்கள் “நீங்கள் பத்திரமா” என்று சொந்தக்காரரிடம் கேட்கும் வழியும் அடைபட்டது. இரண்டையும் நினைத்தே வடிவமைக்க வேண்டும். என் கருத்தில், ஆளுக்கு ஆள் போகும் கடிதம் முழுமையாகப் பூட்டியிருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவித்தலுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: சொன்னவரின் மின்கையொப்பம் இல்லாமல் அடுத்த கருவி அதைச் சுமக்கக் கூடாது. கையொப்பமிட அந்தரங்கத் திறப்பு வேண்டும், சரிபார்க்கப் பொதுத் திறப்பு போதும்; ஆகவே நடு ஆள் இல்லாமலே இதைச் செய்யலாம். இரண்டு வீடு இரண்டு லயம் ஆகாது. யார் சொன்னார் என்பதும் கூடவே போகும். முன்னனுப்பும் பொத்தானை வைக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பே 2018 இல் இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உலகெங்கும் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. கையொப்பம் பொய் சொல்பவரைத் தடுக்காது. பொய்யைச் சொன்னவர் யார் என்று பிறகு கேட்க வழி வைக்கும், அவ்வளவுதான்.

மிஞ்சுவது இடமும் ஆளும். லோராக் கருவிகளுக்கு உயரம் வேண்டும், ஒன்றையொன்று பார்க்க வேண்டும். டவுனில் பள்ளிவாசல் மினாரா, தோட்டத்து மேட்டில் கோயில், மறுமேட்டில் தேவாலயம், தேயிலைத் தொழிற்சாலையின் கூரை: உயரமான இடங்கள் எல்லாம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன. வானொலி அலைவரிசை பாவிப்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் உண்டு. அனுமதி விடயத்தை முதலில் முடிக்க வேண்டும். சூரியத் தகடும் மின்கலமும் தேவை. உடப்புசல்லாவையின் பனிமூட்டத்தில் சூரியன் இரண்டு மூன்று நாள் முகம் காட்டாமல் இருப்பது வழமை. ஆகவே மின்கலத்தைக் குறைந்தது ஐந்து நாளுக்குக் கணக்கிட வேண்டும் என்று நினைக்கிறேன். மழை விட்டதும் ஏறிப்போய்த் தகட்டைத் துடைக்க ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் வேண்டும். மினாராவுக்கு முஅத்தினைக் கேட்கலாம், கோயிலுக்குப் பூசாரி ஐயாவைக் கேட்கலாம். தொழிற்சாலைக் கூரைக்கு யாரைக் கேட்பது என்பதில்தான் நாங்கள் இன்னும் நிற்கிறோம். அதன் திறப்பு தோட்டக் காரியாலயத்தில் இருக்கிறது.